ஒன்பதாவது வாழ்த்துரை

எங்கள் ஊர் அறக்கட்டளை மருத்துவமனையின் ஆண்டு விழாவில் வாழ்த்துரை வழங்கப் போன வருடம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பத்திரிகைகளில் நாலு கட்டுரை வந்துவிட்டால் சிற்றூரில் இந்த மரியாதை தானாக வந்து சேரும். அழைப்பிதழில் வாழ்த்துரை வழங்குவோர் பட்டியலே ஒரு பக்கம் ஓடியது. அரிமா சங்கம், வர்த்தகர் சங்கம், இரண்டு கவுன்சிலர்கள், ஜவுளிக்கடை அதிபர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று பதினோரு பேர். நான் ஒன்பதாவது. என் முறை வந்தபோது இரவு எட்டே முக்கால். பந்தியில் இலை போட்டாயிற்று என்ற சேதி பின்வரிசையில் கிளம்பி முன்வரிசை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. மருத்துவம் ஒரு தொண்டு, செவிலியர் கருணையின் வடிவம் என்று எல்லோரும் பேசுவதையே நானும் பேசி, கைதட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

விழாவின் உச்சம் சிறந்த பணியாளர் விருது. செவிலியர், ஆய்வகம், மருந்தகம், துப்புரவு, வெளிக்களப் பணி என்று பிரிவுக்கு ஒருவர். பெயர் கூப்பிட்டதும் மேடையின் இடப்பக்கம் ஏறி, குனிந்து சால்வையை வாங்கி, கேடயத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து, புகைப்படக்காரர் ‘இங்க பாருங்க’ என்றதும் பார்த்துவிட்டு வலப்பக்கம் இறங்க வேண்டும். ஆளுக்கு அரை நிமிடம். இருபத்திரண்டு வருடமாகச் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் போய்வருகிற களப்பணி அக்காவுக்கும் அந்த அரை நிமிடம்தான். ஒலிவாங்கி அவர் கைக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று மேடையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பந்தியில் அவர் எனக்குப் பக்கத்து இலை. கேடயப் பெட்டியைக் கீழே வைத்தால் சாம்பார் வாளிக்காரர் இடறுவார் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டார். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, “போன மாசம் முகாமுக்குக் கூட்டமே இல்லையாமே?” என்றேன். செயலாளர் தம் ஆண்டறிக்கையில் அதைச் சொல்லி, கிராம மக்களிடம் இன்னும் விழிப்புணர்வு போதவில்லை என்று வருந்தியிருந்தார்.

“விழிப்புணர்வெல்லாம் இருக்குண்ணே. நேரந்தான் இல்ல. பத்து மணியிலருந்து ஒரு மணி வரைக்கும்னு நோட்டீஸ் அடிச்சா யாரு வருவா? பாதி ஊரு நூறுநாள் வேலையில நிக்குது. காலையில ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ எடுத்து ஏத்துறாங்க. நடுவுல எந்திரிச்சு வந்தா அன்னைக்குக் கூலி போச்சு.”

“அப்ப எத்தனை மணிக்கு வைக்கணும்?”

“காலையில ஆறரைக்கு. இல்லைன்னா சாயங்காலம் அஞ்சுக்கு மேல. சர்க்கரை பாக்குறதுன்னா ஆறரைதான். வெறும் வயித்தோட வாங்கன்னு போட்டுட்டு பத்து மணிக்கு ஆரம்பிக்கலாமா? அஞ்சு மணிக்கு எந்திரிக்கிற சனம். குத்துவிளக்கு ஏத்த வர்றவரு பதினொன்னுக்குத்தான் வந்தாரு. ஒரு பாட்டி தலை சுத்துதுன்னு உக்காந்துருச்சு. பக்கத்துல இருந்த புள்ள பாவம்னு ஒரு வாழைப்பழத்தைக் குடுத்துருச்சு. அப்புறம் என்னத்த வெறும் வயித்துச் சர்க்கரை?”

“இதை மேல சொன்னீங்களா?”

ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே சொன்னார்: “யாருண்ணே கேட்டா?”

அன்றிரவு வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. முகாமைத் திட்டமிட்ட குழுவில் மருத்துவர் இருந்தார், மேலாளர் இருந்தார், நன்கொடையாளர் இருந்தார், துண்டறிக்கை அடித்துக் கொடுத்த அச்சகத்துக்காரர்கூட இருந்தார். ஊருக்குத் தினமும் போகிறவர் மட்டும் இல்லை. ஒரு கையால் அவருக்குக் கேடயம் கொடுத்துவிட்டு, மறு கையால் அவருக்குத் தெரிந்ததை ஒதுக்கித் தள்ளியிருக்கிறோம். அதே மேடையில், அரை மணி நேர இடைவெளியில்.

அங்கீகாரம் என்ற சொல்லை நாம் கேடயத்துக்கும் சால்வைக்கும் நேர்ந்துவிட்டோம். அந்த வடசொல்லின் உள்ளே இருப்பது அங்கம். ஒன்றைத் தன் உடம்பின் உறுப்பாக ஆக்கிக்கொள்வதுதான் அங்கீகரிப்பது. உறுப்புக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. கால் சுடுகிறது என்றால் உடம்பு முழுவதும் நகர்கிறது, அவ்வளவுதான். பக்கத்திலேயே இன்னொரு சொல் இருக்கிறது, மதிப்பூதியம். எங்கெல்லாம் சம்பளம் கொடுக்க மனமில்லையோ அங்கெல்லாம் சொல்லிலாவது மதிப்பைச் சேர்த்துவிடுகிறோம். ‘பயனாளி’யைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒரே ஆள் கண்ணும் பல்லும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டால் முகாம் அறிக்கையில் அவர் மூன்று பயனாளிகள். அறிக்கைகள் எப்படி உப்புகின்றன என்று வியப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

என் அத்தை கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கல்லூரி விடுமுறையில் வீட்டில் சும்மா கிடந்தால் அன்றைக்கு என்னைப் பெட்டி தூக்கக் கூட்டிப்போய்விடுவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உறைபெட்டியிலிருந்து ஐஸ் பொதிகளை எடுத்ததும் நேரே குளிர்பெட்டிக்குள் வைக்க விடமாட்டார். மேசைமேல் பரப்பி வைப்பார். பொதி வியர்த்து, மேலே தண்ணீர் முத்து முத்தாகக் கட்டும். ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே கொஞ்சம் தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் நாலு பொதியும் பெட்டிக்குள் போகும், நடுவில் மருந்து. எனக்கோ பேருந்து போய்விடும் என்று பதைப்பு. “குலுங்கட்டும்டா, இரு” என்பார்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கல்லாக உறைந்த பொதியை அப்படியே வைத்தால் அதை ஒட்டியிருக்கும் முத்தடுப்பு ஊசி மருந்தும் உறைந்து கெட்டுவிடும். வெப்பம் பட்டால்தான் மருந்து கெடும் என்று நாம் நினைக்கிறோம். சில மருந்துகளுக்குக் குளிரும் எமன். கெட்ட மருந்தைப் போட்டாலும் குழந்தை அழும், தாய் சமாதானம் செய்வாள், பதிவேட்டில் டிக் விழும். எல்லாம் சரியாக நடந்தது போலவே இருக்கும். என்றைக்கோ ஒருநாள் அந்தக் குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் வந்தால்தான் தெரியும், அப்போதும் அது எந்தப் புதன்கிழமை என்று தெரியாது. அத்தை காதில் கேட்ட அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு எந்த விழாவிலும் கேடயம் இல்லை. வராத நோய்க்கு எப்படி விழா எடுப்பது? 1971இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020இல் அது 13 ஆகியிருந்தது. நடுவில் குறைந்த அந்த நூறு, இப்படிக் காதோரம் ஆட்டிப் பார்த்தவர்களும் சேர்ந்து தூக்கி நிறுத்தியது.

விருது கிடைக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அத்தையின் பணிக்காலத்தின் முற்பாதியில் விருதெல்லாம் கு.க. கேஸ்களுக்குத்தான். ஆளுக்கு இத்தனை குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை என்று இலக்கு. அதிகம் ‘பிடித்து’ வந்தவருக்கு மேடை, குறைந்தவருக்கு மாதாந்திரக் கூட்டத்தில் நிற்க வைத்து வசவு. அந்த இலக்கு முறையை 1996இல்தான் மத்திய அரசு கைவிட்டது. எதற்குக் கேடயம் தருகிறோமோ அதைத்தான் ஊழியர் செய்வார், தாயின் முகத்தைப் பார்க்க மாட்டார் என்பதற்கு அந்த வருடங்களைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. இன்றைய ஆண்டு விழாக்களில் ‘அதிக முகாம் நடத்தியவர்’ என்று பெயர் வாசிக்கப்படும்போது எனக்கு அத்தையின் பழைய கூட்டங்கள் நினைவுக்கு வருகின்றன.

அவருக்கு வந்த சால்வைகள் ஏழோ எட்டோ இருக்கும். ஒன்று தையல் மிஷின்மேல், ஒன்று டிவிமேல். மற்றவை பீரோவில் பாச்சை உருண்டையோடு. “சும்மா கிடக்குதே அத்தை, பச்சப்புள்ளைங்களச் சுத்தக் குடுக்கலாமே” என்றேன் ஒருமுறை.

“ஜரிகை குத்தும்டா. புள்ளைக்குத் துவைச்சுத் துவைச்சு நைஞ்ச வேட்டிதான் வேணும்.”

போர்த்திய அதிகாரிகளின் பெயர் ஒன்றும் அவருக்கு நினைவில்லை. ஆனால் ஒரு மருத்துவ அலுவலரின் பெயரை, அவர் மாற்றலாகிப் போய் இருபது வருடத்துக்கு மேலாகியும், நேற்றுப் பார்த்தது போலச் சொல்லுவார். அப்படி என்ன செய்தார் அவர்? மாதக் கூட்டத்தில் முதலில் செவிலியர்களைப் பேசச் சொல்லிவிட்டுக் கடைசியில் தான் பேசுவார். அத்தை சொல்லி ஒரு ஊரின் தடுப்பூசி இடத்தைக் கோயில் மண்டபத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மாற்றினாராம். மண்டபத்துக்குள் வர முடியாத தெருவிலிருந்து அதற்குப் பிறகுதான் குழந்தைகள் வந்தன. “நான் சொன்னேன்னு மாத்துனாருடா” என்று சொல்லும்போது அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். எந்தப் புகைப்படத்திலும் அந்த முகம் இல்லை.

கேட்டு மாறுவது என்றால் என்ன என்பதற்குப் பெரிய அளவில் ஓர் உதாரணம் மதுரையிலேயே இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு, 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் கண் முகாம்கள் உலகப் புகழ் பெற்றவை. தொடக்கத்தில், அறுவை இலவசம் என்று சொல்லியும் முகாமில் தேர்ந்தெடுத்த பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டபோது தெரிந்தது, அறுவைதான் இலவசம், பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் இலவசமில்லை. பேருந்தும் சாப்பாடும் ஏற்பாடாயின, ஆட்கள் வந்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே வண்டியில் வந்து, ஒருவரின் கண்கட்டை இன்னொருவர் பார்த்துத் தைரியம் கொண்டு, சேர்ந்தே ஊர் திரும்பினார்கள்.

இதோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல நிர்வாகக் கதை. 1999இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியம். முகாம் நடந்த கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். கண் குறையுள்ளவர்களில் முகாமுக்கு வந்தது நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர். கூட்டம் கூட்டமாக வந்து நிறைந்த முகாம்கள் அவை. அந்த நிறைவுக்குப் பின்னால் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் தொண்ணூற்று மூன்று பேர். இதில் கவனிக்க வேண்டியது, ஆய்வை நடத்தியவர்களில் அரவிந்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். தங்கள் பெருமைக்குரிய ஒன்றைத் தாங்களே அளந்து, போதவில்லை என்று அச்சிட்டார்கள். அடுத்த சில வருடங்களில் பார்வை மையங்கள் எழுந்தன. முகாம் வந்து போகும், மையம் ஊரிலேயே இருக்கும். அங்கே இருப்பது பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள், மருத்துவர் திரையில் வருவார். இந்தப் பெண்களில் பெரும்பாலோர் சிற்றூர்களில் பள்ளிப்படிப்பு முடித்து வந்தவர்கள். இரண்டு வருடப் பயிற்சி. பார்வை அளப்பதிலிருந்து அறுவைக்கு ஆயத்தம் செய்வதுவரை மருத்துவமனையின் பெரும்பகுதி வேலை இவர்கள் கையில்தான் நடக்கிறது. எங்கள் செயலாளர் சொன்ன ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்ற வாக்கியத்தை அந்த ஆய்வை எழுதியவர்களும் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும், அதுதான் அந்த வாக்கியத்தின் வசதி.

அரசும் உலகமும் வழங்கிய விருதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஊரகச் சுகாதாரப் பணியாளர்களான ஆஷாக்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருது அளித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள், ஒரு விருது. தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை தருகிற திட்டம். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தது. தகுதியான விருதுதான், பெயரே அழகு. வீடு வீடாகப் போகிற பெண்கள் மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தன்னார்வலர் என்று பெயர். இலக்கு உண்டு, செயலியில் பதிவு உண்டு, ஆய்வுக் கூட்டம் உண்டு. ஊழியர் என்ற சொல் மட்டும் இல்லை. ஆஷாக்களும் இவர்களும் ஊதியம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தபோது யாரும் விருதை எடுத்துக் காட்டவில்லை. காட்டினாலும் கடையில் அரிசி தர மாட்டார்கள்.

2020ஐ மறக்க முடியவில்லை. மார்ச் 22 மாலை மருத்துவப் பணியாளர்களைப் பாராட்டி நாடே தட்டு தட்டியது. ஏப்ரல் 19 இரவு சென்னையில், கொரோனாத் தொற்றால் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யப் போனவர்கள்மேல் கும்பல் கல்லும் கட்டையும் வீசியது. மனைவியும் மகனும் முகம் பார்க்காமல் திரும்ப, நண்பரான இன்னொரு மருத்துவர் நள்ளிரவில் இரண்டொரு பணியாளர்களோடு தம் கையால் மண்ணைத் தள்ளிப் புதைத்தார். இரண்டு வாரம் கழித்து, மே 3 அன்று, விமானப்படை ஹெலிகாப்டர்கள் நாட்டின் மருத்துவமனைகள்மேல் பூத்தூவின. பூத்தூவியவர்களைக் குறை சொல்லவில்லை. கல் எறிந்தவர்களும் மார்ச் 22 அன்று தட்டு தட்டியிருப்பார்கள் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. மேலிருந்து விழுகிற பூவால் தெருவுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே பாலம் கட்ட முடியாது. அதைக் கட்டுகிறவர்கள் தெருவுக்குள் நடந்து போகிறவர்கள். அவர்களைத்தான் நாம் அரை நிமிடத்தில் மேடையிலிருந்து இறக்கிவிடுகிறோம்.

சம்பளம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வந்தேனா என்றால், ஜாம்கேட் என்னைத் தடுக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி, 1970இல் மகாராஷ்டிரத்தின் வறண்ட அந்தப் பகுதியில் வேலையைத் தொடங்கினார்கள். கிராமமே தேர்ந்தெடுத்து அனுப்பிய பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பெரிய சம்பளம் ஒன்றும் இல்லை. 1979இல் மகசேசே விருது தம்பதிக்குப் போனது. ஆனால் அங்கே நடந்த வேறொன்றுதான் என் கேள்விக்கு விடை போலத் தெரிகிறது. பயிற்சிக்கென்று ஜாம்கேட்டுக்கு வருகிற வெளிநாட்டு மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் அந்தப் பெண்களே பாடம் நடத்துகிறார்கள். தொட அஞ்சிய கையிலிருந்து ஊர் மருந்து வாங்கியது ஒரு பக்கம். பட்டம் பெற்றவர்கள் குறிப்பேட்டைத் திறந்து வைத்து அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வது இன்னொரு பக்கம். சம்பளம் வேண்டும்தான், கட்டாயம் வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு வாயைப் பூட்டினால் அது வெறும் கூலி.

இந்த வருட விழாவுக்கும் அழைப்பு வந்தது. செயலாளர் தொலைபேசியில் பேசினார், நல்ல மனிதர். நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் பத்து நிமிடத்தைக் களப்பணி அக்காவுக்குக் கொடுத்துவிடுங்கள், வாழ்த்துரை என்று போட வேண்டாம், ‘களத்திலிருந்து’ என்று போடுங்கள், முதல் உரையாக வையுங்கள், முகாம் நேரத்தைப் பற்றி அவருக்குச் சொல்ல இருக்கிறது என்று. அக்காவிடமும் கேட்டேன். முதலில் “ஐயோ, மேடையிலயா” என்றவர், மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, “அண்ணே, பேசுறேன். ஆறரை மணின்னு மட்டும் சொன்னாப் போதும்ல?” என்றார்.

கடிதத்துக்குப் பதில் இல்லை. அழைப்பிதழ் நேற்றுத் தபாலில் வந்தது. வழவழ அட்டை, தங்க எழுத்து. அக்காவின் பெயர் இல்லை. என் பெயர் அதே ஒன்பதாவது இடத்தில் இருக்கிறது. அதோடு ஒரு துண்டறிக்கையும் வைத்திருந்தார்கள்: இலவசப் பொது மருத்துவ முகாம், காலை 10 மணி முதல் 1 மணி வரை, சர்க்கரைப் பரிசோதனைக்கு வருவோர் வெறும் வயிற்றில் வரவும்.